ஏலம் என்ற பெயருக்கு இரண்டாவது வரி

அந்தப் புதன்கிழமை காலை எங்கள் தந்தி ஆபீசில் இருந்தவர்கள்:

போஸ்ட்மாஸ்டர். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விதிப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குவார் என்று பேச்சு.

தந்தி மேசையில் சேச்சி. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவருக்கு வேறு பெயர் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் உட்பட எல்லோருக்கும் சேச்சிதான்.

ஸ்டாம்பு கவுண்டரில் ஒருவர். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஆபீசிலும் இருந்ததில்லை.

கவுண்டருக்கு வெளியே வசந்தா. பெரியவர் மகள். பெரியவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

நான். தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிறவன். எட்டாவது பெயில்.

இதை எழுத வைத்தது கம்ப்யூட்டர்காரர்களான நீங்கள். போன மாதம் என்னை உங்கள் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டீர்கள். பழைய ஆள், ஏசியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். உங்களில் ஒரு பெண் திரையில் ஒரு டொமைன் பெயரை அடித்தாள். கீழே வரிவரியாக வந்தது. டி.என்.எஸ். ரெக்கார்டு என்றாள். பச்சைப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி விளக்கினாள். இந்த வரி, பெயருக்குரிய கடை எங்கே இருக்கிறது என்பது. இந்த வரி, அந்தப் பெயருக்கு மெயில் வந்தால் எங்கே கொடுப்பது என்பது. இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. இந்த எண், மற்றவர்கள் இதை எவ்வளவு நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கலாம் என்பது. இன்னொரு பக்கத்தைத் திறந்தாள்; இது, பெயர் எந்தத் தேதிவரை செல்லும் என்பது.

"புரியுதா தாத்தா?" என்றாள்.

புரிகிறது என்றேன். அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காலத்திலும் பெயர் இருந்தது. எழுபதுகளின் கடைசியைச் சொல்கிறேன். தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு. குறைந்த கட்டணத்துக்கு எட்டு வார்த்தை அனுப்பலாம். முகவரியும் அந்த எட்டில் சேர்த்தி. இன்னார் மகன் இன்னார், ஏலக்காய் வியாபாரம், இத்தனாம் நம்பர், இந்தத் தெரு என்று எழுதினால் முகவரியிலேயே எட்டும் தீர்ந்துவிடும். சேதி சொல்ல இடமிருக்காது. அதனால் வியாபாரிகள் ஒற்றை வார்த்தையில் ஒரு பெயரைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். பெயர், பிறகு ஊர். இரண்டே வார்த்தை. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் அந்த இரண்டு வார்த்தைக்குத் தந்தி வரும். எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. பெயரை அதில் பார்க்க வேண்டும். எதிரே கடை எது, ஆபீஸ் நேரம் தாண்டினால் எங்கே கொடுப்பது, எந்தத் தேதிவரை பணம் கட்டியிருக்கிறது என்று வரிவரியாக இருக்கும்.

நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்கிறது இதைத்தான்.

நோட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர் காப்பிக்கொட்டை வியாபாரி ஒருவர் கடையைக் கட்டிவிட்டுக் கோயமுத்தூர் போய்விட்டார். பெயரை அடித்தோம். அதன் பிறகும் ஒரு வருஷம் அந்தப் பெயருக்குத் தந்தி வந்துகொண்டிருந்தது. காலியான கடையில் மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எத்தனை மூட்டை அனுப்புகிறாய்" என்று அவருக்குத் தந்தி. அப்போதிருந்த போஸ்ட்மாஸ்டர் நோட்டை விரித்து, "அடிச்சாச்சு பாரு, அடிச்சாச்சு பாரு" என்று என்னிடம் கத்துவார். நானா தந்தி கொடுத்தேன்? வடக்கே இருந்த வியாபாரிகள் ஆளாளுக்குப் பழைய பெயரை டைரியில் எழுதி வைத்திருந்தார்கள். நம் நோட்டில் அடித்தால் அவர்கள் டைரியில் அடிபடாது. அவர்களாக மறக்கிறவரை பஞ்சர்க் கடைக்காரர்தான் காப்பி வியாபாரி. கடைசியில் அவரே, "நாலு மூட்டை அனுப்பிவிடவா அண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இனிப் பெரியவர் கதை.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த அண்ணன் தம்பி இருவர். ஊரில் பெரியவர், சின்னவர் என்பார்கள். அவர்கள் அப்பா பதிந்து வைத்த பெயர் ஏலம். எங்கள் ஊரில் ஏலம் என்றால் ஏலக்காய். ஏலக்காயை விலை கூறி விற்பதும் ஏலம். சரக்குக்கும் சந்தைக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. கெட்டிக்காரர். அவர் போன மறுவருஷம் பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள். மலையில் தோட்டத்தைக் கயிறு பிடித்துப் பிரித்தார்கள். தராசைப் பிரித்தார்கள். தட்டு ஒருவருக்கு, படிக்கல் ஒருவருக்கு என்று ஊரில் சொன்னது பொய்யாக இருக்கலாம். கடைத்தெருக் கடையும் ஜீப்பும் சின்னவருக்கு. பழைய வீடு பெரியவருக்கு. பெயரை மட்டும் அறுக்க முடியவில்லை. அது ஒற்றை வார்த்தை.

"பேரு மூத்தவனுக்கு" என்றார் பெரியவர்.

"கடை எங்கயோ அங்கதான் பேரு" என்றார் சின்னவர்.

கேசு போட்டார்கள். கேசு நடக்கும்போதே வருஷக் கட்டணம் கட்டும் நாள் வந்தது. தீர்ப்பு வரட்டும், தோற்றால் கட்டின காசு தண்டம் என்று பெரியவர் காத்திருந்தார். சின்னவர் கடைசி நாளில் வந்து கட்டிவிட்டு, கடை முகவரியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு போனார். பெயர் போயிற்று. வக்கீலுக்குக் கொடுத்ததில் அந்தக் கட்டணத்தை ஆயுசுக்கும் கட்டியிருக்கலாம்.

பெரியவர் புதுப்பெயர் பதிந்தார். அதுவும் ஏலம்தான். சின்னவருடையது இங்கிலீசில் ஈ எழுத்தில் தொடங்கும். இவர் முன்னால் ஒரு ஒய் போட்டுக்கொண்டார். "ஒரு எழுத்து சாஸ்தி. அவனதவிட எடை கூட" என்று என்னிடமே சொன்னார். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். ஊரில் ஈ கடை, ஒய் கடை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஈ கடை என்றால் சின்னவருக்குக் கோபம் வரும். ஈ மொய்க்கிற கடை என்று காதில் விழும் போல.

வியாபாரத் தந்தி மாறிப் போனால் சண்டையோடு தீரும். தீர்ந்தது. நாலைந்து தடவை.

வசந்தாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. இருபத்துநாலு வயது. முன்னால் மூன்று இடம் வந்து நின்றுபோயிருந்தது. கேசு நடக்கிற வீட்டில் பெண் எடுத்தால் வக்கீலையும் சேர்த்துச் சம்பந்தி செய்ய வேண்டிவரும் என்று பயந்தார்கள். நாலாவது இடம் விருதுநகர். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளையின் அப்பா பழனிவேல், மல்லி மிளகாய் வியாபாரி. பெரியவரைச் சந்தையில் பார்த்தபோது சொல்லிவிட்டார்: "புதன்கிழமைக்குள்ள தந்தி வந்தா நாங்க வர்றோம்னு அர்த்தம். வரலைன்னா வேற எடம் பாத்துக்கங்க." முகவரி கேட்டிருக்கிறார். பெரியவர், "ஏலம், போடி" என்றிருக்கிறார். ஒய் போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், தம்பி பெயரைப் பிடுங்கிக்கொண்டது தெரிந்துவிடும். விருதுநகரில் கேசு தெரியாதவர் யாரும் இல்லை.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை வசந்தா கவுண்டர் முன்னால் நின்றாள். திங்கள் வந்தாள். செவ்வாய் வந்தாள்.

"அண்ணே, எங்களுக்கு எதாச்சும் இருக்கா?"

"இல்லத்தா."

"வந்தா வெரசா கொண்டாங்கண்ணே. அப்பா சாயங்காலம் மலைக்குப் போறார். காய் எடுப்பு. தந்தி வரலைன்னா அவங்களுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தமாம். அதுக்குமேல பேசக்கூடாதாம்."

"நீ வீட்டுக்குப் போ. நான் வர்றேன்."

போனாள். அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், மெஷின் கட்டுக்கடா என்றது. சேச்சி காதால் கேட்டுக் கையால் எழுதினார். உறையில் போட்டு ஒட்டுகிறவரை சேதி யார் கண்ணிலும் படக்கூடாது என்று விதி. விதிக்குக் கண் இல்லை. எனக்கு இருந்தது. கம்மிங் ஃப்ரைடே சீ கேர்ள். கீழே பழனிவேல் என்று பெயர். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம். மேலே ஏலம், போடிநாயக்கனூர். ஏலம் ஈயில் தொடங்கியது.

போஸ்ட்மாஸ்டர் நோட்டைப் பார்த்தார். கடைத்தெரு என்றார்.

"சார், இது பெரியவர் வீட்டு..." என்றேன்.

"முகவரியப் பாருய்யா. சேதியப் பாக்காத. சேதியப் பாத்து முகவரி சொல்றதுக்கு நீ என்ன ஜோசியனா?"

சரிதானே. அவர் சொன்னதில் தப்பு இல்லை. நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். பெயரைப் போடுவீர்கள், முதல் வரியைப் பார்ப்பீர்கள், அனுப்பிவிடுவீர்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் நோட்டில் இருக்கும். எழுதினவன் மனசில் யார் இருந்தான் என்பதற்கு நோட்டில் வரி கிடையாது.

சின்னவர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். மடித்து ஜிப்பாவில் வைத்தார்.

"காப்பி சாப்பிடுறியாப்பா?" என்றார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கடையில் பத்து வருஷமாகத் தந்தி கொடுக்கிறேன். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்ததில்லை. சின்னவருக்கும் ஒரு பெண் இருந்தாள். இருபது வயது. அதற்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோலி கெடக்குண்ணே" என்று வந்துவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து காப்பி விஷயத்தைச் சொன்னேன். சேச்சி காதில் இருந்த பென்சிலை எடுத்தார். "காப்பி கொடுத்தோ? அப்போ ஒறப்பா, நிச்சயந்தான்" என்றார். போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சார், எனக்கு இந்த முகவரியில சம்சயம் உண்டு. விருதுநகர்ல கேக்கணும்."

"சந்தேகம் எங்கம்மா வந்தது? நோட்டு தெளிவா இருக்கு."

"நோட்டில அல்ல சார். என்டெ காதில. ஈன்னா ஒரு புள்ளி. ஒய்னா கோடு, புள்ளி, கோடு, கோடு. முன்னால எந்தெங்கிலும் விட்டுப்போச்சோன்னு ஒரு சம்சயம்."

போஸ்ட்மாஸ்டர் அவரையே பார்த்தார். சேச்சிக்குக் காது தப்பினதாக அந்த ஆபீசில் யாரும் கேட்டதில்லை. மழையில், இடியில், லைன் இரைச்சலில்கூட ஒரு எழுத்து விட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. அதைத்தான் மேசைமேல் தூக்கி வைத்தார்.

"உங்க காதுலயா சேச்சி?"

"கேட்ட காது என்டேது. சம்சயமும் என்டேது. விதியில எடம் உண்டல்லோ?"

உண்டு. வாங்கினவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்டே ஆகவேண்டும். போஸ்ட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். இந்த ஊரில் ஏலம் என்று இரண்டு கடை, எழுத்து வேறு, அனுப்பினவர் சொல்வது எந்த ஏலம், விசாரித்துச் சொல்லவும் என்று விருதுநகர் ஆபீசுக்குப் போயிற்று.

சாயங்காலம்வரை பதில் இல்லை. பெரியவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற வாடகை ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். முகம் இறுகி இருந்தது. ஓடிப்போய் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மற்றவருக்கு வந்த தந்தியை இன்னொருவரிடம் சொன்னால் எனக்கு வேலை போகும். அது பெரிதில்லை. நாளைக்குச் சின்னவர் வீட்டுச் சேதியை நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஊர் எப்படி நம்பும்? நம்பிக்கை போனபின் காக்கிச் சட்டை துணிதான்.

வியாழக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. விருதுநகர் ஆபீசில் பொறுப்பாக ஆள் அனுப்பிப் பழனிவேலைக் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன பதில் அப்படியே இருந்தது:

ஏலம் என்றால் ஏலம்தான்.

போஸ்ட்மாஸ்டர் அதை உரக்கப் படித்தார். "தீர்ந்ததாம்மா சந்தேகம்?" என்றார். ஸ்டாம்பு கவுண்டர்க்காரர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார்.

அனுப்பினவனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அனுப்பினவனுக்கே தெரியாது என்பது நமக்கு மறந்துபோகும். அவருக்குத் தெரிந்தது ஒரு சத்தம்.

வசந்தா அன்று வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வந்து கேட்டால்கூட இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சேச்சி சாப்பாட்டுக்குப் போகாமல் நோட்டை எடுத்து மேசையில் விரித்தார். நான் அதைத் தினமும் பார்க்கிறவன். பெயர், எதிரே கடை. அவ்வளவுதான் பார்ப்பேன். போஸ்ட்மாஸ்டரும் அவ்வளவுதான். சேச்சி விரலைக் கீழே இறக்கினார். இரண்டாவது வரியில் நிறுத்தினார். மூடி வைத்துவிட்டார்.

"சார்" என்றார். "சம்சயம்னு கேட்டு பதிலும் வந்தாச்சு. இனி என்னா செய்யணும்?"

"என்ன செய்யணுமா? அந்தத் தந்தியை முழுசா மறுபடி வாங்கி, சரிபார்த்த பிரதின்னு போட்டு, முகவரிக்காரருக்கு டெலிவரி செய்யணும். இதுகூடத் தெரியாதா? விதி."

"ஒண்ணும் மாறலியே சார். கொடுக்கணுமோ?"

"மாறினா என்ன, மாறலைன்னா என்ன? கேட்டாச்சுன்னா கொடுத்தாகணும்."

"செரி சார். லைன் இப்போ திரக்கு, ஒழிவில்ல. ஏலத்து விலையெல்லாம் வெளியூருக்குப் போய்க்கிட்டிருக்கு. ஒழியறப்போ வாங்கறேன்."

லைன் ஒழிந்தபோது மணி ஆறு தாண்டியிருந்தது. ஏலத்து விலை நாலரைக்கே போய் முடிந்திருந்தது. அதை நான் கவனித்தேன். போஸ்ட்மாஸ்டர் கவனிக்கவில்லை. அவர் கடிகாரம் பார்க்கிறவர் இல்லை, விதி பார்க்கிறவர்.

பிரதி வந்தது. சேச்சி உறையில் போட்டு ஒட்டினார். நேரத்தை மேலே எழுதினார். போஸ்ட்மாஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

"ஏலம். கடைத்தெரு..."

"மணி ஆறு கழிஞ்சு சார்."

"ஆமா. அப்போ ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் எங்கன்னு பாக்கணும்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஆபீஸ் நேரம் தாண்டினாலும் விடுமுறை நாளிலும்... பழைய வீடு." நிமிர்ந்தார். "ஏம்மா, பழைய வீட்டில இப்போ அண்ணன்காரன்ல இருக்கான்?"

சேச்சி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் பெயரைப் பிடித்த அன்று கடை வரியை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஷட்டரை இறக்கினால் உலகம் நின்றுவிடும் என்று நினைக்கிற ஜாதி. அவர் அப்பா எழுதி வைத்த இரண்டாவது வரி அப்படியே கிடந்தது. பெரியவரும் அதைப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் இரண்டு வருஷம் கேசு நடத்தினார்கள். ஒருவர்கூட முழுசாகப் படிக்கவில்லை. வக்கீல்களும் படிக்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் நோட்டையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். சேச்சியையும் பார்த்தார். அவர் மக்கு இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சேச்சியின் காதில் வந்த சந்தேகம் முதல் ஒழியாத லைன் வரைக்கும் எல்லாம் அவருக்குள் வரிசையாக ஓடியிருக்கும்.

"நோட்டில என்ன போட்டிருக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "பழைய வீடு. அப்போ பழைய வீடுதான்." உறையை என்னிடம் நீட்டினார். "என்னய்யா நிக்கிற? போ."

அந்த மனிதரை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

பழைய வீட்டில் வசந்தாவும் அம்மாவும் இருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். என்னைக் கண்டதும் அம்மா நெஞ்சில் கை வைத்தார். இருட்டும்போது தந்தி வந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று கணக்கு.

"நல்ல சேதிதான் ஆத்தா" என்றேன். சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

வசந்தா கிழித்துப் படித்தாள்.

"நாளைக்கா?"

"என்னடி?"

"நாளைக்கு வர்றாங்கம்மா."

அம்மா அழ ஆரம்பித்தார். வீட்டுக்காரர் மலையில், ஜீப்பு சின்னவனிடம், வீட்டில் பால்கூட இல்லை, ஆம்பளை இல்லாத வீட்டில் யார் போய் வாங்க என்று சொல்வது, என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து.

"ஆம்பளை எதுக்கும்மா? பாக்க வர்றது என்னையத்தானே? நான் இருக்கேன்ல" என்றாள் வசந்தா. என்னிடம் திரும்பினாள். "அண்ணே, இது இன்னிக்குத்தான் வந்துச்சா?"

உறையில் நேரம் இருந்தது. அதைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். மேலே ஏலம் என்ற எழுத்தைப் பார்த்தாள். ஈ.

"சித்தப்பாவுக்கும் தெரியுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"செரி, புரியுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஸ்டேஷனில் சோலி இல்லை. போனேன். மதுரை வண்டி எப்போதும்போலத் தாமதம். சின்னவர் ஜீப்பைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். புது வேட்டி. கையில் இரண்டு மாலை. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் வசந்தா தனியாக வந்து நின்றாள். தலையில் ஒரு முழம் பூ. சின்னவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனிவேல், மனைவி, வாத்தியார் மூவரும் இறங்கினார்கள். கூடையில் பழம். சின்னவர் பாய்ந்து போனார்.

"வாங்க வாங்க. தந்தி கெடச்சுச்சு. ஜீப்பு ரெடி. நேரா நம்ம வீட்டுக்குத்தான்."

"பெரியவரைக் காணோமே?" என்றார் பழனிவேல்.

"அண்ணன் மலையில. அண்ணன் வீடு வேற, என் வீடு வேறயா? வாங்க, என் மகள் டிபன் செஞ்சு வச்சிருக்கு. நல்லாச் செய்வா."

அதற்குள் வசந்தா வந்துவிட்டாள். கும்பிட்டாள்.

"சித்தப்பா! நீங்களும் வந்துட்டீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. இவங்கள வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தவிச்சுப் போனேன். நீங்க ஜீப்போட வந்து நிக்கிறீங்க. பெத்த அப்பா மாதிரி." பழனிவேலிடம் திரும்பினாள். "கேசு கீசுன்னு ஊர்ல எதாச்சும் சொல்வாங்க மாமா. எங்க சித்தப்பா எப்படின்னு நீங்களே பாத்துக்கங்க."

சின்னவர் ஜீப்பைப் பார்த்தார். கையில் இரண்டு மாலை.

"பழைய வீட்டுக்கு விடுங்க சித்தப்பா" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "அண்ணே, அந்தப் பழக்கூடைய சைக்கிள்ல வச்சுக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். அதனால்தான் வீட்டுக்குள் நடந்ததும் எனக்குத் தெரியும். வாசல்படியில் நின்றேன். சின்னவர் போக முடியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் மகள் செய்து வைத்த டிபன் அங்கே ஆறிக்கொண்டிருக்கும்.

பழனிவேல் காப்பியை ஆற்றிக்கொண்டே, "நடுவுல என்னமோ தந்தி ஆபீஸ்காரன் ஆள் விட்டான்யா" என்றார். "எந்த ஏலம்னு கேக்கிறான். ஏலத்துல என்ன எந்த ஏலம்? நான் தந்தி குடுத்தா கச்சிதமா இருக்கும். எட்டு வார்த்தைக்கு இடம் குடுப்பான். நான் எட்டைத் தொட்டதே கிடையாது. வளவளன்னு எழுத எனக்கு வராது." வசந்தாவை நிமிர்ந்து பார்த்தார். "அதுசரி, உன் பேரு என்னம்மா?"

வசந்தா டம்ளர் தட்டோடு நின்றாள்.

"வசந்தா" என்றார் வாத்தியார்.

அன்றைக்கு அவர் பேசின முதல் வார்த்தை அது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவருடைய அம்மா திரும்பிப் பார்த்தார். வசந்தாவும் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"மாமா" என்றாள் பழனிவேலிடம். "அதுவும் ஒரு வார்த்தைதான்."

அவருக்குப் புரியவில்லை. வாத்தியாருக்குப் புரிந்தது. சிரித்தார். வைகாசியில் கல்யாணம்.

பெரியவர் அன்று மத்தியானம் ஏலக்காய் லோடோடு மலையிலிருந்து இறங்கினார். "யாரைக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?" என்று வீட்டில் கத்தியதாகக் கேள்வி. அடுத்த திங்கட்கிழமை சின்னவர் ஆபீசுக்கு வந்து இரண்டாவது வரியையும் மாற்றினார். சேச்சி அவருக்கு நாற்காலி போட்டார். போஸ்ட்மாஸ்டர், "இன்னும் எதாவது வரி இருக்கான்னு ஒருதரம் முழுசாப் படிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் படிக்கவில்லை. அவசரம் என்றார்.

நீங்களும் அவசரக்காரர்கள்தான். பெயரைப் பார்த்தால் எல்லா வரியையும் பாருங்கள். எந்த நேரத்துக்கு எந்த வாசல் என்று பாருங்கள். எந்தத் தேதிவரை என்று பாருங்கள். அதற்குப் பிறகும், அந்தப் பக்கம் எழுதினவன் அவசரத்தில் என்ன விட்டான் என்று ஒருதரம் யோசியுங்கள். அதற்கு மெஷின் கிடையாது.

அன்று அந்த வாசல்படியில் நின்றபடியே, எட்டில் எத்தனை போயிற்று என்று விரல் விட்டு எண்ணினேன். ஏலம். போடிநாயக்கனூர். கம்மிங். ஃப்ரைடே. சீ. கேர்ள். பழனிவேல்.

ஏழு.